தூரத்திலிருந்து தெரியாத எழுத்து

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. குடை எடுக்கவில்லை. குடை எங்கே என்றும் தெரியவில்லை. அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

ரூமிலிருந்து கடைக்கு நடை. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜில் டீ. கை கழுவும் தொட்டிக்கு மேலே புது ஸ்டிக்கர், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக: "இங்கே துப்பாதீர்கள்."

தேவிகாவின் கையெழுத்து.

நின்று பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டாள், சின்ன வட்டம் போடுவாள். அந்த வட்டம் இருக்கிறது. எழுத்தின் தலையில் தெலுங்குக்கு இருப்பதுபோல ஒரு குட்டிக் கொக்கி. தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழ் எழுத தானாகவே கற்றுக்கொண்டவள், அந்தக் கொக்கி கடைசிவரை போகவில்லை. அதுவும் இருக்கிறது. அதன் மேலேயே எவனோ பான் துப்பியிருக்கிறான். சிவப்பு, 'தீ'யிலிருந்து வழிந்து கீழே.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வாயெல்லாம் கசப்பு.

கடையில் பிரசாத் சார் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், பில் புக் எல்லாம் அடிக்கிற கடை. அவர் முதலாளி, நான் டிசைனர்.

"ஏமய்யா குமாரு, மூஞ்சி இன்னாத்துக்கு இப்படி கீது? டிபன் துன்னியா?"

"துன்னேன் சார்."

பொய்.

"நம்ம ஃபான்ட்டு எங்க பார்த்தாலும் வந்துட்டு கீது, சூசாவா, பாத்தியா? நம்ம குரூப்புல போட்டது நான்தான். பப்ளிசிட்டி!"

டி.டி.பி. ஆட்களின் வாட்ஸ்அப் குரூப். போன வருஷம், தேவிகாவின் காரியம் முடிந்து நான் அவள் ஊர் நகரியில் கிடந்தபோது, அவள் கையெழுத்தை ஃபான்ட்டாக நான் செய்து வைத்திருந்ததை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம்.

இப்போது ஏதோ வெளிநாட்டு வெப்சைட்டில் ஏற்றப்போகிறாராம். என் வேலை இரண்டு. ஒன்று, இந்த ஃபான்ட்டை எங்கெங்கே பயன்படுத்தினால் நன்றாக இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதித் தரணும். இரண்டு, போல்டு.

"போல்டு இல்லாத ஃபான்ட்ட எவன் தீஸ்குண்டாடு, எவன் எடுப்பான்? கோழி மயிரு மாதிரி கீது. தடி பண்ணு. நீ பிரிண்டிங் டிப்ளமோ படிச்சவன், ஒரு நாள் வேலை உனக்கு."

ஒரு நாள் வேலைதான். அதுதான் பிரச்சினை.

நவ. 4, செவ்வாய்

மழை. சட்டை காயவில்லை. மத்தியானம் தயிர்சாதம், புளித்துப்போனது. தின்றேன்.

எங்கே பயன்படுத்தலாம், முதல் நகல்:

கல்யாணப் பத்திரிகை. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், அவ்வளவுதான். மண்டபம், முகூர்த்த நேரம், தாய்மாமன் லிஸ்ட் எல்லாம் இதில் போட்டால் யாராலும் படிக்க முடியாது.

24 பாயிண்ட்டுக்குக் கீழே வேண்டாம். கோடு உடையும்.

சுற்றிலும் வெற்று இடம் விடணும். நிறைய. ஒரு வார்த்தை தனியாக நிற்கணும்.

எழுத்துக்கு நடுவில் இடைவெளி ஏற்றக்கூடாது. கையால் எழுதியது, கோர்த்தபடி இருந்தால்தான் உயிர்.

அவுட்லைன் கூடாது. ஷேடோ கூடாது.

கறுப்பின் மேல் வெள்ளை கூடாது. மை பரவி கோடு அடைந்துவிடும்.

துப்பும் இடத்தில் கூடாது. (அடித்துவிட்டேன்.)

இதெல்லாம் எழுதும்போது கையில் ஒன்றும் தோன்றவில்லை. வாஷிங் மெஷினுக்கு கையேடு எழுதுகிற மாதிரி. "உயிர்" என்று எழுதியிருக்கிறேன் பார். அந்த வார்த்தையையும் ஒரு யோசனையும் இல்லாமல் தட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் காணிப்பாக்கம் போகிற ரோட்டில் ஒரு பிரியாணி வண்டி. "மட்டன் பாயா ரெடி." அவள் கையால். கறிவாசனையே அவளுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொண்டு கடையைத் தாண்டுவாள். நானும் மூக்கை மூடிக்கொண்டு தாண்டினேன்.

இது எப்படி ஃபான்ட் ஆனது என்று நானே ஒரு தடவை எழுதி வைக்கிறேன். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்காக. கடையில் இருந்த ஸ்டைல் எல்லாம் காட்டினேன், ஒன்றும் பிடிக்கவில்லை. "இதெல்லாம் லாலா கடை ஸ்வீட் பாக்ஸ் மாதிரி கீது. நானே எழுதறேன் குடு" என்றாள். டிரேசிங் ஷீட், மெல்லிய முனை பேனா. கம்ப்யூட்டருக்கு கொம்பும் காலும் தனித்தனியாக வேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எழுத்தே இல்லாம கொம்ப மட்டும் எழுதச் சொல்றியே, மாடு இல்லாத கொம்ப வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

எழுதினாள். ஒரு ஷீட் முழுக்க வெறும் கொம்பு. ஒரு ஷீட் முழுக்க வெறும் கால்.

நவ. 6, வியாழன். சித்தூர்

வெயில் வந்து போனது. பிரசாத் சாருக்கு சித்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் மிஷின். வாரம் ஒரு நாள் நான் போகணும். மை வாசனை தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, சோறு வரைக்கும் வருகிறது.

மிஷின் ஓட்டுவது ரஃபி.

"அண்ணா, உங்க எழுத்து மிஷினுக்கு ஆவல. மை அடிக்கிற ஹெட்டு வேகமா போறப்போ கோடு எகிறிப்பூடுது. இத பாரு."

நகரிப் பக்கத்துத் தலைவர் ஒருவருக்குப் பிறந்தநாள். கூலிங் கிளாஸ், காதில் போன், இரண்டு பக்கமும் சிங்கம். கீழே "எங்கள் சிங்கமே" என்று தேவிகா எழுதியிருக்கிறாள், மஞ்சளில், சிவப்பு அவுட்லைனோடு. சிங்கத்துக்கு இவ்வளவு மெல்லிய எழுத்தா? கர்ஜிக்க வாய் திறந்து இருமுகிற மாதிரி. ரஃபி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்ததும் அருவருப்பாக இருந்தது.

அங்கே இருக்கும்போதுதான் முரளி போன். அவள் தம்பி. நகரியில் தறி ஓட்டுகிறான், மிச்ச நேரம் கட்சிக்காரர்கள் பின்னால் சுற்றுகிறான்.

"மாமா, ஞாபகம் கீதா? அடுத்த வார ஞாயித்துக்கெழம வருஷம் திரும்புது."

"ஞாபகம் இருக்கு."

"ஃப்ளெக்ஸு அடிக்கணும். ஆனா போன வாட்டி மாதிரி வாணாம். பத்தாம் நாளுக்கு நீங்க போட்டது ஒருத்தனுக்கும் தெரியல மாமா. ரோட்ல போறவன்லாம் வண்டிய நிறுத்தி 'யாருடா செத்தது'ன்னு என்னாண்ட கேட்டுகினு போனான். அசிங்கமா பூட்ச்சி."

போன வருஷத்து ஃப்ளெக்ஸ் நான் போட்டதுதான். மெரூன் தரை, ஓரத்தில் போட்டோ, நடுவில் வெள்ளையில் 'தேவிகா', கீழே சின்னதாக 'கண்ணீர் அஞ்சலி'. அவள் எழுத்திலேயே. எப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. செய்து கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும்.

"அது அவ எழுத்துடா முரளி."

"எழுத்து இருக்கட்டும் மாமா, படிக்கணும்ல? தடியா போடுங்க. ரோட்ல இருந்து பேரு தெரியணும்."

"தடியா போட்டா அது அவ எழுத்து இல்ல."

போனில் பின்னால் தறி சத்தம்.

"மாமா, எங்கக்கா இன்னா உங்களுக்கு மட்டும்தான் செத்தாளா? எனக்கும் செத்தா. ஊருக்கும் செத்தா."

சரி என்று சொல்லி வைத்தேன். ரஃபி தலை குனிந்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருப்பான்.

நவ. 7, வெள்ளி

ரூமில் எறும்பு. சர்க்கரை டப்பா மூடவில்லை.

போல்டு முயற்சி. முறை சுலபம்: கோட்டின் இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளிவிடணும். தள்ளினேன். மெய்யெழுத்தின் வட்டம் அடைந்து புள்ளியானது. தலைக் கொக்கி மரு மாதிரி. 'ழ'வின் உள்வளைவு மூடிப்போய் ஒரு கட்டி.

திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயோ பார்த்த உருவம்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்கள். காய்ச்சல் என்று போனவள். உடம்பெல்லாம் நீர் கோத்து, கை ஊதி, விரல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. மோதிரத்தைக் கத்தரித்து எடுத்தார்கள். அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட கை எழுதினால் இப்படித்தான் எழுதியிருக்கும்.

சேவ் செய்யாமல் மூடினேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லை.

வாங்கணும்: சோப்பு, எறும்புச் சாக்பீஸ், குடை.

நவ. 8, சனி

முரளியே ஒன்று செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். நகரியில் யாரோ கடைக்காரன் கைவேலை. நான் பொறுமை இழந்துவிடுவேன் என்று தெரிந்தே அனுப்பியிருக்கலாம்.

பின்னால் அருவி. மேலே புறா. வானத்திலிருந்து வெளிச்சக் கம்பி. அவள் முகத்தை மாவு பூசின மாதிரி வெளுக்க வைத்திருக்கிறார்கள். மூக்குத்தி காணோம், அழித்துவிட்டார்கள். தலையில் யாருடைய மல்லிகைப்பூவையோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பூவின் நிழல் ஒரு பக்கம், முகத்தின் நிழல் வேறு பக்கம். அவள் எழுத்துக்கு வெளியே சிவப்பு அவுட்லைன், அதற்கு வெளியே மஞ்சள், அதற்கு வெளியே ஒளிவட்டம். 'தேவிகா' என்பது இருட்டில் நசுங்கிய பூச்சி மாதிரி இருக்கிறது.

கீழே முரளியின் செய்தி: "சூப்பர்ல மாமா? இல்லன்னா நீங்களே போட்டு குடுங்க."

இதற்கு நானே செய்வது மேல். "நானே தர்றேன்" என்று பதில் போட்டேன்.

நவ. 9, ஞாயிறு

லீவு. மழை விட்டுவிட்டு.

உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தேன். சும்மா தள்ளிவிடாமல், ஒவ்வொரு எழுத்தாக. உள்வளைவைத் திறந்துவிட்டு, கொக்கியைக் கொஞ்சம் குறைத்து, வட்டத்தைப் பெரிதாக்கி. தொழில் என்று பார்த்தால் நல்ல வேலை. எவனும் குறை சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் முடிந்தது.

அவள் எழுத்து மாதிரியே இருக்கிறது. அவள் எழுதவே இல்லை. இது இவ்வளவு சுலபமாக வந்ததுதான் சகிக்கவில்லை. என்னைக் கண்டாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நவ. 10, திங்கள்

பிரசாத் சாருக்குக் காட்டினேன். எழுந்து நின்று கைதட்டினார். "அதி! இதுதான் எழுத்து! புதன்கிழமை சைட்டுல ஏத்திடு. அந்த எங்க யூஸ் பண்ணலாம் பேஜும் ரெடி பண்ணிடு. ஃப்ளெக்ஸுக்கும் ஆவும்னு மொதல்லயே போடு."

ஏறிவிட்டால் அப்புறம் திரும்ப வராது. மெல்லியது எப்படி லாட்ஜு வரைக்கும் போனதோ, இது அதைவிட வேகமாகப் போகும். பத்து வருஷம் கழித்து தேவிகா எழுத்து என்றால் இந்தத் தடிதான் என்று ஆகிவிடும். எனக்கே அப்படி ஆகிவிடும்.

நாளை நகரி. ஃப்ளெக்ஸ் அளவு எடுக்க, முரளிக்கு போல்டு காட்ட.

நவ. 11, செவ்வாய். நகரி

பஸ்ஸில் ஜன்னல் சீட், ஒழுகல். புத்தூரில் நின்றபோது எலும்பு முறிவுக் கட்டு போடும் இடம் ஒன்றின் போர்டு, இதே எழுத்து. காலை நொண்டிக்கொண்டு தூரத்திலிருந்து வருகிறவன் படிக்க வேண்டிய போர்டு. பஸ்ஸிலிருந்து எனக்கே தெரியவில்லை. முரளி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளணும்.

முரளி தறியை நிறுத்திவிட்டு வந்தான். போல்டில் அடித்த பேப்பரைக் காட்டினேன்.

"இதான் மாமா! இப்போ தெரியுது எங்கக்கா பேரு." கண் கலங்கிவிட்டான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

"அத்த எங்க?"

"பின்னாடி. நூலு சுத்திகினு கீது."

வீட்டுக்குப் பின்னால் புதுசாக ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள். நான்கு கம்பு, மேலே கூரைக்கு ஃப்ளெக்ஸ். இந்த ஊரில் எந்த ஃப்ளெக்ஸையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. தலைவர்கள் எல்லாம் மாட்டுக்கொட்டகை மேலே, பாத்ரூம் கதவில், வைக்கோல் போர் மேலே. இதுவும் அப்படி. வெள்ளைப் பின்பக்கம் மேலே பார்த்தபடி, பாசி, காக்கா எச்சம், பறக்காமல் இருக்க சைக்கிள் டயரும் செங்கல்லும்.

ஓரத்து வளையங்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூலைக்கு இரண்டு. அப்படி அடிக்கச் சொன்னது நான்.

பத்தாம் நாள் ஃப்ளெக்ஸ். அவள் மேல் காக்கா எச்சம்.

கத்தத்தான் போனேன். "அத்த, இன்னா இது? அத எடுத்து…"

"உள்ள வாங்க மாப்ள, நனையாதீங்க."

குனிந்து உள்ளே போனேன். அத்தை, தேவிகாவின் அம்மா, பலகை மேல் உட்கார்ந்திருந்தாள், முன்னால் ராட்டை, பக்கத்தில் நூல் சிட்டம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல போட எதுவும் கெடைக்கலியா அத்த?"

"எவ்ளோவோ கெடக்குது. அந்த மீசக்காரத் தலைவரு ஃப்ளெக்ஸு ரெண்டு கீது உள்ள. நான்தான் இத போடச் சொன்னேன். மூஞ்சி மேல வெச்சா வெயில்ல வெளுத்துப்பூடும், உள்பக்கமா திருப்பிப் போடுறா முரளின்னேன். நாள் பூரா இங்கதானே குந்திகினு கீறேன்."

அப்போதுதான் மழை விட்டு வெயில் வந்தது. சட்டென்று. சாய்ப்பு முழுக்க மெரூன் நிறம், அத்தையின் புடவை, நூல், என் கை எல்லாம். நிமிர்ந்தேன்.

மலிவு ஃப்ளெக்ஸ், வெளிச்சம் ஊடுருவும். மை இருக்கும் இடம் இருட்டு. மை இல்லாத இடம் வெள்ளை எழுத்து மட்டும். தலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் 'தேவிகா'. ஒரு கோடும் உடையவில்லை. கொக்கி, வால், எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில், பின்னால் வெயிலோடு, இந்த எழுத்தை நான் பார்த்ததே இல்லை. திரையில் கூட இல்லை.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்" என்றாள் அத்தை. "இது ஒண்ணு மட்டும் பாத்ததும் தெரியும். ரோட்ல போறவன் படிக்கலன்னு முரளி குதிக்கிறான். ரோட்ல போறவனுக்கு இவ இன்னா வேணும்? நான் படிக்கிறேன். கழுத்துதான் வலிக்குது."

என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தாள். வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு எழுதனது?"

பேப்பரை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ராட்டைக் காலுக்கு அடியில் கொடுத்தாள். ஆட்டம் நின்றது.

அப்புறம், "இந்த வாட்டியும் இதே மாரி மெல்லிசாவே போடுங்க மாப்ள. அந்தாண்ட பாதிக்கு இன்னும் கூரை இல்ல, சாரல் அடிச்சி நூலு நனையுது. இதே அளவு இருந்தா செரியா பூடும். பேருக்கு மேல எடம் விடுங்க, அங்க கம்பு வரும். எழுத்து மேல கம்பு வரக்கூடாது."

இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு தெளிவாக எந்த கஸ்டமரும் சொன்னதில்லை.

நவ. 12, புதன்

தூறல். குடை வாங்கிவிட்டேன்.

லாட்ஜு ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அது இருக்கும். நான் ஒன்றும் பண்ண முடியாது.

போல்டை அழித்தேன். ரீசைக்கிள் பின்னிலிருந்தும். பிரசாத் சாரிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீக்கு பிச்சி பட்டிந்தி குமாரு!" பைத்தியம் பிடித்துவிட்டதாம். "போல்டு இல்லாம எவன் வாங்குவான்?"

"வாங்க வேணாம் சார்."

சைட்டில் ஏற்றுவதும் இல்லை. முறைத்தார். சாயங்காலம் ஒரு டீ சொல்லி அனுப்பினார்.

முரளிக்கு போன். ரோட்டுக்கு ஒன்று தனியாக அடித்துத் தருகிறேன், வேறு எழுத்தில், எவ்வளவு தடி வேண்டுமானாலும், மூக்குத்தி மட்டும் அழிக்கக்கூடாது என்றேன். "புறா?" என்றான். சரி, ஒரு புறா.

எங்கே பயன்படுத்தலாம் என்ற பக்கம் இனி யாருக்கும் வேண்டாம். எல்லா வரியையும் அடித்துவிட்டேன். கறுப்பின் மேல் வெள்ளை கூடாது என்றதை முதலில். எனக்காக ஒன்று: கீழே உட்கார்ந்து அண்ணாந்து படிக்க. பின்னால் வெயில் வேண்டும்.

ஃபைல் ரஃபிக்கு அனுப்பினேன். பழைய அளவு, மெரூன், பெயர் மட்டும். அஞ்சலி கிஞ்சலி இல்லை. மேலே இடம் விட்டது. ஹெட்டை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"அண்ணா, ரோட்டுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணா."

"தெரிய வேணாம்."

வாங்கணும்: சவுக்குக் கம்பு இரண்டு, கயிறு. பழைய டயர் முரளியிடம் இருக்கும்.